அண்ணன் மகன் படையில், என் மகள் முகாமில்

கேள்வி: என் அண்ணன் குடும்பம் சிங்கப்பூரில் பிஆர், அதாவது நிரந்தரவாசிகள். அண்ணன் மகன் போலிடெக்னிக் முடித்த கையோடு இரண்டு வருடம் ‘என்எஸ்’ என்ற கட்டாயப் படைச்சேவைக்குப் போய்விட்டு வந்தான். அவனுக்கு ஒரு வயது இளைய தங்கை நேராகப் பல்கலைக்கழகம் போய்விட்டாள். அவன் முதலாம் ஆண்டில் நுழைந்தபோது அவள் ஒரு வகுப்பு மேலே இருந்தாள். கெமாஸில் என் வீட்டுக் கதை தலைகீழ். 2007-இல் தேசியச் சேவைப் பயிற்சியான பிஎல்கேஎன் பட்டியலில் என் மகள் பெயர் வந்தது. அடுத்த வருடம் மகனுக்குப் பதினெட்டு ஆனபோது அவன் பெயர் வரவில்லை. போகாவிட்டால் அபராதம் என்றார்கள், அழுதுகொண்டேதான் மகளை பஸ் ஏற்றிவிட்டேன். பெண்களுக்கு உடம்பில் பலம் பத்தாது, அதனால்தான் சிங்கப்பூரில் அவர்களை விட்டுவிட்டார்கள் என்கிறார் அண்ணன். அப்படியானால் மலேசியப் பெண்களுக்கு மட்டும் பலம் எங்கிருந்து வந்தது? இனி என் பேத்தியையும் கூப்பிடுவார்களா?

– தோட்டத்து வாசகி ஒருவர், கெமாஸ்

பதில்: அம்மா, மலேசியப் பெண்களுக்கு மட்டும் பலம் எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களே, அதை அப்படியே அண்ணனிடம் தொலைபேசியில் கேட்டிருந்தால் அவர் சொன்ன காரணம் அங்கேயே விழுந்திருக்கும். ஆனால் அது அவர் ஒருவருடைய நம்பிக்கை அல்ல. ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் காப்பிக்கடை மேசைகளில் பலர் சொல்வதுதான். ஆகவே அதை முதலில் தீர்த்துவிட்டு மேலே போவோம்.

சிங்கப்பூரில் கட்டாயப் படைச்சேவைக்கு அடிப்படை 1970-ஆம் ஆண்டுப் படைச்சேர்ப்புச் சட்டம். கட்டாயப் படைச்சேவை என்றால், அரசு சட்டத்தின் பலத்தோடு ஆளை அழைத்துக் குறித்த காலம் படையில் வேலை செய்ய வைப்பது. உங்கள் ஊர் சையத் சிராஜுதீன் முகாமில் நீங்கள் பார்க்கும் படைவீரர்கள் அந்த வகை அல்ல. அவர்கள் சம்பளத்துக்கு விரும்பிச் சேர்ந்தவர்கள். அண்ணன் மகன் விரும்பினானோ இல்லையோ, கடிதம் வந்தது, போனான். அந்தச் சட்டத்தைப் படித்துப் பார்த்தால், ஆண்களை மட்டும் அழைக்க வேண்டும் என்று அதில் இல்லை. குறிப்பிட்ட வயதில் இருக்கும் குடிமக்கள், நிரந்தரவாசிகள் என்று பொதுவாகத்தான் பேசுகிறது. பெண்களை அழைக்காமலிருப்பது அரசின் கொள்கை முடிவு. நாளைக்கே அவர்களையும் அழைக்கலாம் என்று முடிவெடுத்தால் சட்டத்தின் வாசகம் குறுக்கே நிற்காது.

சரி, கொள்கைக்குக் காரணம் உடல் பலம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒல்லியான, ஆஸ்துமா உள்ள, கண் பார்வை மட்டமான பையன்களையும் வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டுமே. அனுப்புவதில்லை. சிங்கப்பூர்ப் படையில் ‘பெஸ்’ என்றொரு மருத்துவத் தரவரிசை பலகாலமாக உண்டு. எந்த உடல்நிலைக்கு எந்த வேலை என்று பிரிக்கும் முறை அது. மேல் தரத்தில் இருப்பவன் காடு மேடு ஏறுவான். கீழ்த் தரத்தில் இருப்பவன் அலுவலகத்தில் எழுத்து வேலை பார்ப்பான், கிடங்கில் சாமான் கணக்கு வைப்பான். எதற்குமே ஆகாதவன் என்று மருத்துவர் சொன்னால்தான் முழு விலக்கு. இரண்டு வருடமும் குளிர்சாதன அறையில் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டு வந்த பையன்கள் எத்தனையோ பேர். அந்த நாற்காலியில் அவன் தங்கை உட்கார முடியாதா? பலம்தான் அளவுகோல் என்றால் இந்த இடத்திலேயே அது உடைந்துவிடுகிறது.

தோட்டத்தில் வளர்ந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதும் இல்லை. விடியுமுன்னே பிரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டி, வாளி சுமந்து ஸ்டோருக்கு நடந்தவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். பலக் குறைவு என்ற பேச்சு அங்கே வேலையைப் பங்கிடும்போது வந்ததில்லை, கூலியைப் பங்கிடும்போது வந்தது. 1920-களின் இறுதியில் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு நாள் கூலியை அரசு நிர்ணயித்தபோது, போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்தப் பத்துக் காசு எங்கே போனது என்று கேட்ட பாட்டிமார்கள் இருந்திருப்பார்கள். கங்காணி என்ன பதில் சொல்லியிருப்பார் என்று ஊகிக்கலாம்.

இன்னொரு சான்று, உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்தே. 1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. ஐந்து வாரத்தில், 1942 ஜனவரி 14-ஆம் தேதி, கெமஞ்சே பாலத்தில் ஆஸ்திரேலியர்கள் பதுங்கியிருந்து சைக்கிளில் வந்த ஜப்பானியரைத் தாக்கினார்கள். அந்த நினைவிடத்தைக் கடந்து நீங்கள் எத்தனையோ முறை போயிருப்பீர்கள். இந்த இரண்டு நாளுக்கும் நடுவே, 1941 டிசம்பர் 18-ஆம் தேதி, லண்டனில் ஒரு சட்டம் நிறைவேறியது. 20 முதல் 30 வயதுக்குள் இருக்கும் திருமணமாகாத பெண்களையும் பிள்ளையில்லாத கைம்பெண்களையும் தேசியச் சேவைக்குக் கட்டாயமாக அழைக்கலாம் என்றது அது. படையின் பெண்கள் பிரிவு, குடிமைப் பாதுகாப்பு, தொழிற்சாலை என்ற மூன்றில் ஒன்றுக்குப் போக வேண்டும். ஆனால் ஆளைக் கொல்லும் ஆயுதத்தை இயக்க, அவளே எழுத்தில் சம்மதம் கொடுத்தாக வேண்டும். பெண்கள் பலவீனமானவர்கள் என்று அதுவரை சொல்லிவந்த அதே கனவான்கள்தான் இதை நிறைவேற்றினார்கள். போர் தொடங்கிய இரண்டே ஆண்டில் பெண்களின் உடம்பு மாறிவிடவில்லை. நாட்டுக்கு ஆள் பற்றாக்குறை வந்துவிட்டது.

உண்மைக் காரணம் அதுதான். பந்திக்கு எத்தனை பேர் என்று பார்த்துத்தானே உலை வைக்கிறோம்? படைக்கு எத்தனை பேர் வேண்டும், அதை எங்கிருந்து எடுத்தால் நாட்டுக்குச் செலவு குறைவு என்று அரசு கணக்குப் போடுகிறது. கணக்கு முடிந்த பிறகுதான் பலம், கடமை, சமத்துவம், பாரம்பரியம் என்ற சொற்களை மேலே தூவுகிறார்கள்.

சிங்கப்பூரின் கணக்கைப் பாருங்கள். 1965-இல் மலேசியாவிலிருந்து பிரிந்தபோது அவர்களிடம் இருந்தது இரண்டே காலாட்படைப் பட்டாளங்கள், ஏறக்குறைய ஆயிரம் பேர். அதிலும் பலர் மலேசியர்கள். பிரிட்டிஷார் மூட்டை கட்டும் நோக்கத்தில் இருந்தார்கள். முழுக்கச் சம்பளப் படை வைக்கக் காசில்லை. ஆகவே பாதுகாப்பு அமைச்சர் கோ கெங் சுவீ 1967-இல் கட்டாயச் சேவையைக் கொண்டுவந்தார். அந்த முதல் வருடம் சுமார் 9,000 இளைஞர்கள் பதிவு செய்தார்கள். முழுநேரப் படைக்கு எடுத்தது அவர்களில் சுமார் 900 பேரைத்தான். மற்றவர்களைப் பகுதிநேரப் பிரிவுகளுக்கு அனுப்பினார்கள். பத்துப் பையன்களில் ஒன்பது பேருக்கே அன்று முகாமில் படுக்கை இல்லை. அந்த நிலையில் பெண்களைக் கூப்பிடுவதைப் பற்றி எவர் யோசிப்பார்?

இதில் நான் எப்போதும் ரசிக்கும் ஒரு விஷயம் உண்டு. அந்தப் படையைக் கட்ட ஆலோசனை சொல்ல வந்தவர்கள் இஸ்ரேலியர்கள். சுற்றுவட்டார நாடுகள் என்ன நினைக்குமோ என்று அவர்களை ‘மெக்சிகோக்காரர்கள்’ என்று சொல்லி வைத்திருந்தார்கள். இஸ்ரேலோ 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களையும் கட்டாயமாகப் படைக்கு அழைக்கும் நாடு. குறுகிய கால முழுநேரப் பயிற்சி, பிறகு பல ஆண்டுகள் தயார்நிலைப் படை என்ற முறையைச் சிங்கப்பூர் பெரிதும் அவர்களிடமிருந்தே எடுத்துக்கொண்டது. தயார்நிலைப் படை என்றால், வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவரை வருடத்தில் சில நாள் திரும்ப அழைத்துப் பயிற்சி கொடுத்துத் தயாராக வைத்திருப்பது. உங்கள் அண்ணன் மகன் சாதாரண வீரர் என்றால் நாற்பது வயது வரை இது அவனை விடாது. இஸ்ரேலிடமிருந்து இவ்வளவையும் எடுத்தவர்கள் பெண்களை அழைக்கும் பகுதியை மட்டும் அங்கேயே விட்டுவிட்டார்கள். தேவைப்படவில்லை.

இஸ்ரேலையும் அப்படியே சமத்துவச் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே பெண்களுக்குச் சேவைக் காலம் குறைவு. திருமணமானவருக்கும் தாய்க்கும் விலக்கு உண்டு, மத நம்பிக்கையைக் காரணம் காட்டியும் விலகலாம். படைக்குக் கட்டாயமாக இழுத்தவர்கள், விமானி பயிற்சிக்கு ஒரு பெண் விண்ணப்பித்தபோது கதவைச் சாத்தினார்கள். ஆலிஸ் மில்லர் என்ற அந்தப் பெண் உச்ச நீதிமன்றம் போய், 1995-இல் தீர்ப்பு வாங்கிய பிறகுதான் கதவு திறந்தது. கடமைக்கு மட்டும் சமம், வாய்ப்புக்குச் சமமில்லை என்பது எவ்வளவு வசதியான ஏற்பாடு!

இன்றைய சிங்கப்பூருக்கு வருவோம். 1967-இன் பற்றாக்குறை வேறு, இன்றையது வேறு. மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை, அங்கே 2023-இல் 0.97-க்கு இறங்கியது. பிள்ளைகள் குறைந்தால் பதினெட்டு வயதுப் பையன்களும் குறைவார்கள். அப்படியானால் பெண்களைக் கூப்பிடலாமே என்ற கேள்வி நாடாளுமன்றத்திலேயே எழுந்தது. 2022 மே மாதம் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் இங் எங் ஹென் பதில் சொன்னார். சமத்துவத்துக்காக மட்டும் பெண்களைக் கட்டாயமாகச் சேர்த்தால், அதற்குச் சமூகம் கொடுக்கும் விலை கிடைக்கும் பயனைவிட மிகப் பெரியது என்பது அவர் சொன்னதன் சாரம். ஒவ்வொரு வருடமும் இன்னொரு பங்கு இளைஞர்கள் இரண்டு வருடம் வேலைச் சந்தையிலிருந்து விலகுவார்கள். அவர்களுக்கு முகாம் வேண்டும், பயிற்றுநர் வேண்டும். படிப்பு தள்ளிப்போகும், அதோடு கல்யாணம், பிள்ளைப்பேறு எல்லாம் தள்ளிப்போகும். பிறப்பு விகிதம் இறங்குவதால் வந்த பற்றாக்குறையை, அதை இன்னும் இறக்கக்கூடிய வழியில் சரிக்கட்டுவதா என்ற தயக்கமும் இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆளில்லாத இடத்தில் இயந்திரம், குறைந்த ஆளோடு இயங்கும் ஆயுதம் என்ற வழியை அவர்கள் எடுத்திருக்கிறார்கள்.

அண்ணனின் காரணம் எங்கே உதவாமல் போகிறதோ, அங்கே அமைச்சரின் காரணம் ஓரளவு உதவுகிறது. ஆனால் அது பெண்ணின் நன்மைக்காகச் சொன்னதல்ல என்பதைக் கவனியுங்கள். நாட்டின் வரவு செலவுக்காகச் சொன்னது.

இனி உங்கள் மகள் கதை. மலேசியாவில் 2003-ஆம் ஆண்டுத் தேசியச் சேவைப் பயிற்சிச் சட்டம் வந்து, 2004-இல் பிஎல்கேஎன் தொடங்கியபோது நஜீப் பாதுகாப்பு அமைச்சர். பதினெட்டு வயது ஆனவர்களில் கணினி குலுக்கிப் போட்டுப் பெயர்களை எடுத்தது. ஆணா பெண்ணா என்று பார்க்காமல் எடுத்தது. மறுத்தால் 3,000 வெள்ளி வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உங்கள் மகள் பெயர் வந்து மகன் பெயர் வராததில் மர்மம் எதுவும் இல்லை. குலுக்கலில் விழுந்தது, அவ்வளவுதான். அந்த வயதினர் எல்லோரையும் எடுக்க இடமும் இல்லை, பணமும் இல்லை.

இதைப் பெயரில் உள்ள ‘சேவை’யால் பலர் இராணுவச் சேவை என்று நினைத்துவிட்டார்கள். சீருடை, வரிசை நடை, அதிகாலை விசில், பின்னாளில் எம்-16 துப்பாக்கி சுடும் பயிற்சி எல்லாம் இருந்ததால் அந்த எண்ணம் வந்ததில் வியப்பில்லை. ஆனால் மூன்று மாதம் முடிந்து உங்கள் மகள் வீட்டுக்கு வந்தபோது எந்தப் படையிலும் அவர் வீரர் அல்ல. தயார்நிலைப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. போர் வந்தால் அழைக்கப்போவதும் இல்லை. பிஎல்கேஎன்னின் நோக்கமே வேறு. மலாய்க்காரப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் கடசான் பிள்ளையும் வெவ்வேறு பள்ளியில் படித்து, ஒருவரையொருவர் தெரியாமலே வளர்கிறார்கள். மூன்று மாதம் ஒரே கூரையின் கீழ் கலந்து வைப்போம் என்பது. உடற்பயிற்சி, நாட்டுப்பற்று, ஒழுக்கம், சமூகத் தொண்டு என்று நான்கு பகுதியாகத் திட்டம் போட்டார்கள். இனங்களைக் கலக்க வேண்டும் என்று இறங்கிவிட்டு, பாதி மக்கள்தொகையை வெளியே நிறுத்த முடியுமா? ஆகவே பெண்களும் வந்தார்கள். விடுதி மட்டும் தனித்தனி.

இரண்டு நாட்டுக்கும் இரண்டு விதி இருப்பதன் முடிச்சு இதுதான். சிங்கப்பூர் கேட்டது: எத்தனை வீரர்கள் வேண்டும்? மலேசியா கேட்டது: யாரையெல்லாம் கலக்க வேண்டும்? கேள்வி மாறியதால் அழைப்புக் கடிதம் வேறு வீட்டுக்குப் போனது.

ஒரு சட்ட விஷயத்தையும் இங்கே போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன், கவனிக்கத்தக்கது. மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 8-ஆம் பிரிவு, மதம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் ஆகியவற்றின் பேரில் குடிமக்களிடையே பாகுபாடு கூடாது என்கிறது. 2001-இல் அந்தப் பட்டியலில் பாலினத்தையும் சேர்த்தார்கள். சிங்கப்பூர் அரசியலமைப்பின் 12-ஆம் பிரிவிலுள்ள அதே பட்டியலில் பாலினம் இல்லை. பிஎல்கேஎன்னுக்கு இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ‘ஏன் என் மகனை மட்டும்?’ என்று வழக்குப் போட நினைக்கும் அப்பாவுக்கு ஜொகூர் நீரிணையின் எந்தக் கரையில் இருக்கிறோம் என்பது முக்கியம்.

அப்படி வழக்குப் போட்டது தென்கொரியாவில் நடந்தது. அங்கே ஆண்கள் கட்டாயம் போக வேண்டும், பெண்கள் விரும்பினால் சேரலாம். சேவை முடித்த ஆண்களுக்கு அரசு வேலைத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் கொடுத்துவந்தார்கள். பெண்களுக்கும் உடல் ஊனமுற்றோருக்கும் இது அநியாயம் என்று 1999-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அன்று பட்ட புண் இன்றுவரை ஆறவில்லை. ஆண்களை மட்டும் அழைப்பது செல்லாது என்று வந்த வழக்குகளை நீதிமன்றம் 2010, 2014, 2023 ஆண்டுகளில் தள்ளுபடி செய்தது. அங்கே கருவள விகிதம் 2023-இல் 0.72. வழக்கு திரும்பத் திரும்ப வரும் என்று எதிர்பார்க்கலாம்.

வடக்கு ஐரோப்பா வேறு வழி பிடித்தது. நார்வே 2015 முதல் சட்டத்தை ஆண் பெண் இருவருக்கும் பொதுவாக்கியது. 2016-இல் பெண்கள் அழைப்பின் பேரில் முகாமுக்குள் நுழைந்தார்கள். சில முகாம்களில் ஆணும் பெண்ணும் ஒரே அறையில் தங்குகிறார்கள். அம்மா, முகம் சுளிக்க வேண்டாம், உங்கள் மகள் போன முகாமில் அப்படி இல்லை! சுவீடன் நிறுத்திவைத்திருந்த கட்டாயச் சேவையை 2018-இல் திரும்பக் கொண்டுவந்தபோது இருபாலருக்கும் என்றே கொண்டுவந்தது. டென்மார்க், உக்ரைன் போருக்குப் பிறகு பயந்துபோய், 2025 ஜூலை 1 முதல் பதினெட்டு வயதாகும் பெண்களையும் குலுக்கலில் சேர்த்தது. இவர்கள் செய்வதைத் தேர்வுமுறைக் கட்டாயச் சேவை என்பார்கள். எல்லோரையும் பதிவு செய்து, சோதித்து, தேவையான சிலரை மட்டும் எடுப்பது. நார்வேயில் ஒரு வருடத்தில் பதினெட்டு வயதாகும் பிள்ளைகளில் ஆறில் ஒருவரோ அதைச் சுற்றியோதான் சேவைக்குப் போகிறார்கள். எடுக்கும் எண்ணிக்கை மாறாதபோது பெண்களைச் சேர்ப்பதால் செலவு ஏறுவதில்லை. தேர்ந்தெடுக்கும் குளம் இரண்டு மடங்காகிறது, நல்ல ஆட்கள் கிடைக்கிறார்கள். சிங்கப்பூரில் அது நடக்காது. அங்கே தகுதியுள்ள பையன்களை ஒருவர் விடாமல் எடுக்கிறார்கள். அதே விதியில் பெண்களைச் சேர்த்தால் செலவும் அப்படியே இரண்டு மடங்கு.

இந்த விவாதத்தில் எல்லோரும் தாண்டிப் போகும் ஒரு இடம் இருக்கிறது. ஆண்களை மட்டும் அழைத்தால் பெண்கள் தப்பித்துவிட்டார்கள் என்று கணக்கு எழுதுகிறோமே, அது சரியா? ஜப்பான்காரன் காலத்தில் நம் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில்பாதைக்கு ஆட்களைக் கொண்டுபோனார்கள். முதலில் ஆசை காட்டி, பிறகு பிடித்து. பல்லாயிரம் தமிழர்கள் போனார்கள், பெரும்பாலும் ஆண்கள். அதுவும் ஒரு கட்டாயச் சேவைதான். நம் மக்கள் கண்டதிலேயே கொடிய வகை. பெண்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள் என்று சொல்லலாம். ஆனால் லயத்தில் மிஞ்சிய பெண் என்ன செய்தாள்? சம்பளம் இல்லை, அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்கு நட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றினாள். போனவர்களில் திரும்பாதவர்களுக்காக வருடக்கணக்கில் காத்திருந்தாள். அவள் செய்ததை எந்தப் பதிவேடும் சேவை என்று எழுதவில்லை.

அதே காலத்தில், 1943-இல், அதே தோட்டங்களிலிருந்து பெண்கள் துப்பாக்கி பிடிக்கவும் போனார்கள். நேதாஜி சிங்கப்பூர் வந்த ஜூலை மாதத்திலேயே பெண்கள் படைக்கு அழைப்பு விடுத்தார். அங்கே மருத்துவராக இருந்த லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் அக்டோபர் 22-ஆம் தேதி ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறந்தது. கோலாலம்பூரிலிருந்து பதினெட்டு வயதில் போய்ச் சேர்ந்த ஜானகி தேவர் பின்னர் அதில் முன்னணித் தளபதியானார். சுதந்திரத்துக்குப் பின் மேலவை உறுப்பினராகவும் இருந்தார். படையில் எத்தனை பேர் என்பதில் சில நூறு என்பாரும் ஆயிரத்துக்கு மேல் என்பாரும் உண்டு. பெரும்பகுதி மலாயாத் தமிழ்ப் பெண்கள், அவர்களில் பலர் பால்மரம் வெட்டியவர்கள் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஒரு பகுதியினர் பர்மா வரை போனார்கள். 1945-இல் ரங்கூனிலிருந்து பின்வாங்கியபோது குண்டுவீச்சுக்கு நடுவே நடந்தே வந்தார்கள். யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதுதான் நம் பேச்சுக்கு முக்கியம். அண்ணனின் பலக் கணக்குக்கு நம் குடும்பங்களுக்குள்ளேயே பதில் இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

விரும்பிப் போவதற்கும் இழுத்துப் போவதற்கும் உள்ள தூரத்தைக் காட்ட இன்னொரு தமிழ் உதாரணமும் சொல்லித்தான் ஆக வேண்டும், கசந்தாலும். இலங்கையின் வன்னியில் போரின் கடைசி ஆண்டுகளில் விடுதலைப் புலிகள் வீட்டுக்கு ஒருவர் என்று கட்டாயமாகச் சேர்த்தபோது மகன், மகள் என்று பிரிக்கவில்லை. அங்கே பெண்களுக்குக் கிடைத்த அந்தச் சமத்துவத்தை எந்தத் தாயும் வாழ்த்தவில்லை.

ஆகவே என் கருத்தைக் கேட்டால், இதில் இரண்டு கேள்விகளைக் கலந்துவிடுகிறோம். கட்டாயச் சேவை ஒரு நாட்டுக்கு உண்மையிலேயே வேண்டுமா என்பது முதல் கேள்வி. வேண்டும் என்றால் யார் யார் சுமப்பது என்பது இரண்டாவது. முதலாவதற்கு நேர்மையாக ‘ஆம்’ என்று சொல்ல முடிந்த நாடு, இரண்டாவதில் மகனையும் மகளையும் ஒரே குலுக்கலில் போடலாம், தகுதியைப் பார்த்து எடுக்கலாம். டென்மார்க்காரர்கள் செய்வது எனக்கு நியாயமாகவே படுகிறது. முதல் கேள்விக்கு ‘ஆம்’ வராதபோது, பெண்களையும் சேர்த்துவிட்டோம் பாருங்கள் என்று சமத்துவம் பேசுவது வெறும் அலங்காரம். ஆண்களின் மனக்குறையைத் தீர்க்க மட்டும் பெண்களைக் கூப்பிடுவதும் எனக்கு ஒப்பவில்லை. அண்ணன் மகன் இழந்த இரண்டு வருடம், அவன் தங்கையும் இரண்டு வருடம் இழந்தால் திரும்பி வராது. அவனுக்குச் சேவைக் காலத்தில் கொடுக்கும் பணம், திரும்பி வந்தபின் படிப்பு, வேலை இவற்றில் காட்டும் அக்கறை, இவைதான் அவன் கேட்க வேண்டியவை.

உங்கள் அண்ணன் வீட்டில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அண்ணன் வேலை பார்க்க வந்து பிஆர் ஆனவர் என்றால் அவரை யாரும் படைக்கு அழைத்திருக்க மாட்டார்கள். அவர் பெயரில் பிஆர் ஆன மகனைத்தான் அழைப்பார்கள். ஆக அந்த வீட்டில் மூன்று பேருக்கு விலக்கு, ஒருவனுக்கு மட்டும் கடிதம். அவன் முகம் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் பொறுத்துப் போகச் சொல்லுங்கள். தங்கைக்கு ஆர்வம் இருந்தால் அவளுக்கும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. 2014-இல் தொடங்கிய சிங்கப்பூர் ஆயுதப்படைத் தொண்டர் பிரிவில் பெண்கள் சேரலாம். சில வாரப் பயிற்சி, பிறகு வருடத்தில் சில நாள் பணி. அது முழுக்க விருப்பத்தின் பேரில்.

கடைசியாகப் பேத்தி. பிஎல்கேஎன்னை 2015-இல் பணமில்லை என்று நிறுத்தினார்கள், 2016-இல் திரும்பத் தொடங்கினார்கள், 2018 ஆகஸ்டில் அமைச்சரவை மொத்தமாக மூடியது. 2023-இல், உங்கள் மாநிலத்தின் முன்னாள் மந்திரி பெசார் முகமது ஹசான் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது, அதைத் திரும்பக் கொண்டுவரப்போவதாக அறிவித்தார். 2025-இல் மூன்றாம் வடிவம் தொடங்கிவிட்டது. இம்முறை மூன்று மாதம் இல்லை, 45 நாள். பயிற்சியில் எழுபது விழுக்காடு அடிப்படை இராணுவப் பயிற்சி, மிச்சம் நாட்டுரிமைப் பாடம். உங்கள் மகள் போனதைவிட இது படைக்கு நெருக்கமானது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அடிப்படைச் சட்டம் அதே 2003-ஆம் ஆண்டுச் சட்டம்தான், அது பெண்களை விலக்கவில்லை. ஆகவே பேத்திக்குப் பதினேழு வயது நெருங்கும்போது அவள் பெயர் வரலாம், வராமலும் போகலாம். எதற்கும் அடையாள அட்டையில் வீட்டு முகவரியைச் சரியாக வைத்திருக்கச் சொல்லுங்கள். தோட்டத்திலிருந்து தாமானுக்கு வீடு மாறியவர்கள் பலர் அதை மாற்றாமல் விட்டுவிடுகிறார்கள், கடிதம் பழைய லயத்துக்குப் போய்விடுகிறது.